தம்பிக்கு ஜூஸில் தூக்க மருந்து கலந்து கொடுக்கலாமா?

கேள்வி, மார்ச் 3

என் தம்பிக்கு 31 வயது. ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடு. நாலைந்து வார்த்தைதான் பேசுவான், ஆனால் நாம் சொல்வதில் பாதிக்கு மேல் புரியும். கடைவாயில் மூன்று பல் சொத்தை. முழு மயக்கத்தில்தான் செய்ய முடியும் என்கிறார்கள். போன வருடம் ஒரு ஸ்கேனுக்குப் போனபோது நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வந்தாலே கார் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறான். எடை 86 கிலோ, தூக்கவும் முடியாது. வீட்டிலேயே ஒரு தூக்க மாத்திரையைப் பொடித்து ஜூஸில் கலந்து கொடுத்துக் கூட்டி வந்தால் அவனுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. இதில் என்ன தப்பு டாக்டர்?

மார்ச் 3, இரவு

நீங்களாக முடிவெடுத்துக் கொடுக்காதீர்கள்.

ஆனால் மயக்க மருந்துக்கு முன்னால் மனதை அமைதிப்படுத்த ஒரு மருந்து வேண்டும் என்று நீங்கள் நினைப்பது முழுக்கச் சரி. முன்மருந்து என்று, மயக்கம் கொடுக்கும் எங்கள் துறையில் சொல்வோம். பயப்படும் குழந்தை என்றால் யாரும் கேட்காமலே அதைப் பற்றி யோசிக்கிறோம். 31 வயதுக்காரர் என்றால், உடம்பு பெரியதாக இருப்பதாலேயே, பலருக்கு அது தோன்றுவதில்லை. நாலு பேரைக் கூப்பிடத்தான் தோன்றுகிறது. அதனால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும், அதுவும் அறுவை அன்று காலையில் வராந்தாவில் நின்றுகொண்டு அல்ல. மயக்கம் கொடுக்கப்போகிறவரை ஒரு வாரம் முன்பாவது பார்த்துக் கேளுங்கள்.

வீட்டில் ஏன் கூடாது என்றால், தூக்க மருந்து ஏறியதும் நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்துவிடும். ஆஸ்பத்திரியில் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி மாட்டியிருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஆக்சிஜனும், தாடையைத் தூக்கி மூச்சுப் பாதையைத் திறந்து பிடிக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பார்கள். காரின் பின்சீட்டில் தலை சரிந்து தாடை நெஞ்சில் படிந்தால், 'நல்லா தூங்குகிறான்' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். போதாததற்கு, பாதித் தூக்கத்தில் தள்ளாடும் 86 கிலோ மனிதரைக் காரிலிருந்து இறக்கிப் படியேற்ற வேண்டும். நீங்கள் காலை எட்டு மணி என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள், ஆபரேஷன் தியேட்டரில் முந்தைய கேஸ் இழுத்துக்கொண்டு பதினொன்றாகிவிடும். அதற்குள் மருந்தின் வேகம் குறைந்து, அவர் குழப்பத்தோடு எழுந்து உட்கார்ந்திருப்பார். அப்போது கை தானாக இன்னொரு மாத்திரையைத் தேடும். அங்கேதான் ஆபத்து.

சில மருத்துவர்கள் முந்தைய இரவுக்கோ அன்று காலைக்கோ வீட்டிலேயே கொடுக்க ஒரு மாத்திரை எழுதித் தருவதும் உண்டு. அது வேறு விஷயம். அவருடைய மூச்சு, இதயம், தினமும் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து எடுத்த முடிவு அது. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது உள்ளே போனது என்பது மயக்கம் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்கும்.

மார்ச் 4, காலை

மயக்கத்துக்கு முன் இருக்க வேண்டிய பட்டினி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும், எண்ணெய் கொழுப்பு அதிகம் என்றால் இன்னும் கூட. தண்ணீர், சக்கை இல்லாத தெளிந்த ஜூஸ் போன்றவை 2 மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். 'இரவு பத்து மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கூடக் கூடாது' என்று சொல்லி அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். ஏன் பசிக்கிறது, ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று புரியாதவருக்கு அந்தப் பசியே கோபமாக மாறிவிடும். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேட்பதும் இதற்காகத்தான்.

வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீரோடு வழக்கமான நேரத்தில் கொடுக்க வேண்டும்.

மார்ச் 4, இரவு

சரி, மருந்துகள். அளவு எழுதமாட்டேன். எது எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால் டாக்டரிடம் பேச வசதியாக இருக்கும்.

அதிகம் பயன்படுவது மிடசோலம். வாய்வழியாகக் கொடுத்தால் 20 முதல் 30 நிமிடத்தில் பிடிக்கும். பதற்றம் குறையும், மருந்து ஏறிய பிறகு நடப்பதில் பெரும்பகுதி நினைவில் தங்காது. பயந்தவர்களுக்கு இந்த இரண்டாவது குணம் பெரிய வரம். ஆனால் கசப்பு என்றால் அப்படிக் கசப்பு. இனிப்பான பாகு கொஞ்சம் சேர்த்தால்தான் உள்ளே போகும். மூக்கில் தெளித்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், ஆனால் நன்றாக எரியும். ஒருமுறை எரிந்தால் அடுத்த முறை மூக்குப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள். பெரியவருக்கு வேண்டிய அளவு மருந்து மூக்குக்கு அதிகமாகி, தொண்டையில் வழிந்து, மறுபடி கசக்கும். சிலருக்கு, குறிப்பாக ஆட்டிசம் உள்ள சிலருக்கு, இது நேர்மாறாக வேலை செய்யும். அமைதியாவதற்குப் பதில் கத்துவார்கள், அடிப்பார்கள். முன்பு அப்படி நடந்திருந்தால் அதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் தகவல்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்று ஒன்று இருக்கிறது. ஊசி மருந்தாக வந்தது, இப்போது மூக்கிலும் தெளிக்கிறோம். எரியாது. வரும் தூக்கம் இயல்பான தூக்கம் போலவே இருக்கும், தொட்டுக் கூப்பிட்டால் விழிப்பார், மூச்சையும் அவ்வளவாக அமுக்காது. ஆனால் முக்கால் மணி நேரம் வரை ஆகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும். அவசரப்படாத தியேட்டர் வேண்டும் இதற்கு. கிடைக்கும் இடத்தில் எனக்கு இதுதான் பிடிக்கும்.

கீட்டமின் தசையில் போடும் ஊசியாக 3 முதல் 5 நிமிடத்தில் வேலை செய்யும். வாயில் எதையும் வாங்காத, யாரையும் கிட்டே விடாத பெரிய உடம்புக்காரருக்குக் கடைசி வழி. துணிக்கு மேலாகவே தொடையில் போட்டதும் உண்டு. எச்சில் ஊறும், நாடியும் அழுத்தமும் ஏறும், விழிக்கும்போது பயங்கரக் கனவுகள் வரலாம். இந்தக் கனவுத் தொல்லை குழந்தைகளை விடப் பெரியவர்களுக்கு அதிகம். கூட மிடசோலம் கொடுத்தால் கொஞ்சம் குறையும்.

மார்ச் 5

நேற்று எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். உங்கள் தம்பிக்கு வலிப்பு மாத்திரை உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. கார்பமசெபின், ஃபெனிடோயின் இரண்டும் ஈரலை முடுக்கிவிட்டு, வாய்வழி மிடசோலத்தை ரத்தத்தில் சேரும் முன்பே கரைத்துவிடும். எல்லோருக்கும் கொடுக்கும் அளவு இவர்களிடம் பலிக்காது. அப்போது 'இவன் எதற்கும் மசியமாட்டான்' என்று பேர் வாங்குவது நோயாளிதான். மிடசோலம் வகையையே சேர்ந்த குளோபசாம், குளோனசெபாம் பல வருடம் போடுகிறவர்களுக்கும் அந்த வகை மருந்துக்கு உடம்பு பழகியிருக்கும். அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மிடசோலம் அதிகமாகிவிட்டால் முறிக்க ஃபுளுமசெனில் என்ற மருந்து வைத்திருப்போம், அதைக் கொடுத்தால் இவர்களுக்கு வலிப்பு வந்துவிடலாம்.

எதிர்த் திசையிலும் நடக்கும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், சில பூஞ்சைக் கொல்லி மாத்திரைகள் எல்லாம் மிடசோலத்தின் வேகத்தைக் கூட்டிவிடும். பல் சீழுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவது வழக்கம் என்பதால் இந்த இழையில் இது முக்கியம். கிரேப்ஃப்ரூட் ஜூஸும் அப்படித்தான். எந்த ஜூஸானாலும் பரவாயில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருப்பது சரியில்லை. ஒரு டம்ளர் நிறையக் கலப்பதும் வேண்டாம். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். பேர் சொன்னால் போதாது, அளவும் நேரமும் வேண்டும்.

மார்ச் 7

டவுன் சிண்ட்ரோம் உள்ள மகனைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. அவர் ராத்திரி குறட்டை விடுவாரா, நடுவில் மூச்சு நின்று பிறகு திணறி இழுப்பாரா, உட்கார்ந்தபடி தூங்குவாரா? இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களிடம் தூக்கத்தில் மூச்சடைப்பு மிகவும் சாதாரணம், அப்படிப்பட்டவருக்கு முன்மருந்து என்றால் கை அடக்கித்தான் கொடுக்க வேண்டும், கொடுத்த நொடியிலிருந்து ஒருவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. பிறக்கும்போதே இதயக் கோளாறு இருப்பவர்கள் இவர்களில் ஏறத்தாழ பாதி. சிறுவயதில் ஆபரேஷன் செய்திருந்தால் அந்தப் பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள். சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்ந்திருக்கும். நடை மாறியிருந்தாலோ, கை மரத்துப்போவது போல் இருந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு புதிதாகக் குறைந்திருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். மயக்கத்தில் மூச்சுப் பாதையைத் திறக்கக் கழுத்தை அசைக்கும் வேலை எங்களுடையது.

பிராடர் வில்லி (எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காத மரபணுக் கோளாறு) பற்றிக் கேட்டவருக்கு ஒரே வரி: வயிறு காலி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், கண்ணெதிரில் வைத்திருங்கள்.

மார்ச் 10

இனி மறைத்துக் கொடுப்பது. நீங்கள் கேட்ட கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு பெண் வந்தார், நாற்பது வயது இருக்கும். பேசமாட்டார், ஆனால் எல்லாம் கவனிப்பார். ஜூஸில் மருந்து கலந்து கொடுத்தார்கள், குடித்தார், தூங்கினார், வேலை முடிந்தது. எல்லோரும் நிம்மதியாகப் போனோம். வேறொரு வேலைக்காக அவர் திரும்ப வந்தபோது அவருடைய அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் யார் ஊற்றிக் கொடுத்தாலும் குடிப்பதில்லை, மூடி திறக்காத பாட்டிலை மட்டும்தான் வாங்குவாராம். சோற்றையும் விரலால் பிரித்துப் பார்ப்பாராம். வலிப்பு மாத்திரையைத் துப்ப ஆரம்பித்து, வருடக்கணக்கில் வராமல் இருந்த வலிப்பு திரும்ப வந்திருந்தது.

மருந்து நினைவை அழிக்கும் என்று மேலே எழுதினேன். ஏறிய பிறகு நடப்பதைத்தான் அழிக்கும். அதற்கு முன்னால் அம்மா கையிலிருந்து வாங்கிக் குடித்தது அப்படியே இருக்கும்.

கசப்பை மறைப்பதும் மருந்தை மறைப்பதும் ஒன்றல்ல. அவர் கண்ணெதிரே பாகை ஊற்றி, "இது தூக்கம் வர மருந்து. கசக்கும், அதனால் இனிப்பு சேர்க்கிறேன். தூங்கி எழுந்தால் பல் சரியாகியிருக்கும்" என்று சொல்லிக் கொடுங்கள். பாதிக்கு மேல் புரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சொல்லாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு சட்டத்தின் முன் அவர்களுக்குச் சமமான இடம் தருகிறது, 25ஆவது பிரிவு தெரிந்து கொடுக்கும் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. சட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நாளைக்கும் அவர் உங்கள் கையால் சாப்பிட வேண்டும் என்பது போதும்.

மார்ச் 11

காப்பகத்தில் வேலை செய்யும் ஒருவர் எனக்குக் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் பார்த்துக்கொள்ளும் மனிதருக்குத் தாடை வீங்கி, காய்ச்சல் ஏறி, மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் புரிகிற நிலையே இல்லை. யார் கிட்டே வந்தாலும் தலையைச் சுவரில் மோதிக்கொள்வார். 'உங்கள் கொள்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?' என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இரண்டு தடவை படித்தேன். நேற்று எழுதியதை அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாது. அந்த மனிதருக்கு அன்று மறைத்துக் கொடுப்பதும், நாலு பேர் அமுக்குவதும், சீழ் கழுத்துக்கு இறங்கும்வரை காத்திருப்பதும்தான் வழிகள் என்றால், நானும் முதல் வழியைத்தான் எடுப்பேன். ஆனால் தனியாக எடுக்கமாட்டேன். குடும்பம், பல் மருத்துவர், மயக்கம் கொடுப்பவர், தினமும் பார்த்துக்கொள்பவர் எல்லோரும் உட்கார்ந்து பேசி, வேறு எதையெல்லாம் முயன்றோம், ஏன் இது என்று எழுதி வைக்க வேண்டும். இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்றும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை யோசிக்காமலே அதையே செய்வோம். அப்புறம், தினமும் ஊட்டுகிறவர் கையால் கொடுக்க வேண்டாம். அவருக்கு ரொம்பப் பிடித்த பண்டத்திலும் கலக்க வேண்டாம். அந்த இரண்டும் கெட்டுப்போனால் அவருக்கு என்ன மிச்சம்?

மார்ச் 14

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: தம்பி காரை விட்டே இறங்கமாட்டான், இதெல்லாம் உள்ளே போன பிறகுதானே டாக்டர்?

அப்படியென்றால் காரிலேயே ஆரம்பிக்கலாம். முன்மருந்தைக் கார் நிறுத்தும் இடத்துக்கே வந்து கொடுத்திருக்கிறேன். பக்கத்தில் நர்ஸ், ஆக்சிஜன் சிலிண்டர், மானிட்டர், சக்கர நாற்காலி எல்லாம் தயாராக இருக்கும். மருந்து பிடித்து, ஆனால் இன்னும் கால் ஊன்றி நகர முடிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நாற்காலிக்கு மாற்றி, காத்திருப்பு அறை பக்கமே போகாமல் நேராக உள்ளே கொண்டுபோவோம். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லமாட்டேன். கேட்கும்போது போன வருடம் நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், ஒரு நாள் ஒன்றுமே செய்யாமல் வந்துவிட்டுப் போங்கள். வாசல் வரை வந்து திரும்பினாலும் போதும். அவரைத் தொடப்போகிறவர் அன்றைக்கு அவரைத் தொடாமல் வணக்கம் சொல்லட்டும். தியேட்டர் உடையையும் தொப்பியையும் மாஸ்க்கையும் படமெடுத்துக் காட்டுங்கள். மயக்க வாயு கொடுக்க மூக்கிலும் வாயிலும் வைக்கும் முகமூடி ஒன்றை வீட்டுக்கு வாங்கிப்போய் நீங்கள் வைத்துக்காட்டி, பிறகு அவர் கையில் கொடுங்கள். முகமூடியைத் தானே பிடித்துக்கொள்ளும் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு முன்மருந்தே தேவைப்படவில்லை.

மரத்துப்போகச் செய்யும் கிரீமும் உண்டு, லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் சேர்ந்தது. கையில் தடவி மேலே மூடி ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன் தடவிவிட்டு 'போட்டும் வலிக்கிறதே' என்றால் கிரீமின் குற்றமில்லை. ஆனால் தோலில் எது ஒட்டினாலும் தாங்காத சிலருக்கு அந்த ஒட்டுத்தாளே ஊசியை விடப் பெரிய தொல்லை. உங்கள் தம்பி சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டச் சொல்கிறவரா? அப்படியானால் முதலில் வீட்டில் சின்னதாக ஒன்று ஒட்டிப் பாருங்கள்.

மார்ச் 15

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு நர்ஸ், விரலில் மாட்டும் கருவியை முதலில் நாம் மாட்டிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அப்படியே. ஒரு நோயாளி எனக்கு மாட்டச் சொன்னார், நர்ஸுக்கு மாட்டச் சொன்னார், கூட வந்த அப்பாவுக்கும் மாட்டச் சொன்னார். மூன்று எண்ணையும் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குத்தான் கம்மி, அப்பாவைப் படுக்க வைங்க" என்றார். அறையே சிரித்தது. பிறகு அவரே ஏறிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 19

தூங்கும்போதே ரத்தப் பரிசோதனை, காது அழுக்கு, நகம் எல்லாம் முடித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். முடித்துவிட வேண்டும். இன்னொரு தடவை மயக்கம் கொடுப்பதை விட அது எவ்வளவோ மேல். ஆனால் முன்கூட்டியே பேசுங்கள், அவரிடமும் சொல்லுங்கள். எழுந்து பார்த்தால் முடி வெட்டியிருக்கிறது என்றால் யாருக்கும் திக்கென்றிருக்கும். இன்னொன்று, தூங்குகிறார் என்பதற்காகக் காப்பாற்றக்கூடிய பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடும் பழக்கம் இருக்கிறது. 'மறுபடி எங்கே வரப்போகிறார்' என்று சொல்வார்கள். வேறு 31 வயதுக்காரருக்கு அந்தப் பல்லை அடைப்பீர்களா, பிடுங்குவீர்களா என்று கேளுங்கள்.

மார்ச் 24

விழிக்கும் நேரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாதிச் சண்டை அங்கேதான். கண் திறக்கும்போது தெரிந்த முகம் இருக்க வேண்டும், அதனால் உங்களை மீட்பு அறைக்குள் விடச் சொல்லி முன்பே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். வாந்திக்கான மருந்தும் வலி மருந்தும் நீர்ச்சத்தும் தூக்கத்திலேயே கொடுத்துவிட்டால் கையிலிருக்கும் ஊசிக் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம். அவர் பிடுங்கி எறிவதற்கு முன்.

முன்மருந்து வாங்கியவர் தெளிய அதிக நேரம் பிடிக்கும், அன்றே வீட்டுக்கு அனுப்ப அவசரப்படக் கூடாது.

வலி இருக்கிறதா என்று அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். வழக்கமாகச் சத்தம் போடுகிறவர் அமைதியாகிவிட்டால் அது வலியாக இருக்கலாம். கன்னத்தைத் தட்டுவது, சாப்பிட மறுப்பது, தூங்காமல் நடப்பது எல்லாவற்றையும் 'அவன் சுபாவம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். 'இது இவனுடைய சுபாவம் இல்லை' என்று சொல்லத் தெரிந்த ஆள் அந்த இடத்தில் நீங்கள் ஒருவர்தான்.

ஏப்ரல் 6

தம்பிக்கு வேலை முடிந்தது என்று படித்தேன், ரொம்பச் சந்தோஷம். மூக்கில் தெளித்தார்கள், காரிலேயே தூக்கம் வந்தது, இரண்டு பல் அடைத்தார்கள், ஒன்று போனது, யாரும் அமுக்கவில்லை. விழித்த பிறகு ஒரு மணி நேரம் அழுதார் என்று வருத்தப்படுகிறீர்கள். மருந்து இறங்கும்போது வரும் குழப்பம் அது. கீட்டமின் கொடுக்காவிட்டாலும் வரும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மயக்கம் கொடுத்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நிமிடத்தில் பிடித்தது, நாடியும் ஆக்சிஜனும் எங்கே வரை இறங்கின, விழிக்கும்போது எப்படி இருந்தார், எந்த அளவு முகமூடி, மூச்சுக்குழாய் போட்டார்களா, சுலபமாகப் போனதா. கீழே உங்கள் கையால் எழுதுங்கள்: யார் பேசினால் கேட்டார், எந்த வார்த்தை பயமுறுத்தியது, காரில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். மூன்று நகல் எடுத்து ஒன்றை அவருடைய மருந்துப் பையிலேயே வையுங்கள். அடுத்த தடவை நீங்கள் கூட இல்லாத நேரத்தில் அவசரமாகக் கொண்டுபோனாலும் அது கூடவே போகும்.